பிழையைக் காண்பவர் யார்?

பள்ளிக்கூடத்திலே ஒரு குழந்தை கணக்கொன்றைப் பிழையாகச் செய்துவிடுகின்றது. அப்பிழையை முதலிற் காண்பவர் யார்? ஆசிரியர் என்பதே பெரும்பாலோர் கூறும் விடை. ஆசிரியர் பிழையைக் கண்டு, சிவப்பு மையினாற் கோடிட்டு, சரியான விடையை அருகில் எழுதுகின்றார். குழந்தை அதனைப் பார்த்து எழுதிக்கொள்கின்றது. கணக்குத் திருந்திவிட்டது. குழந்தை திருந்திற்றா என்பது வேறொரு கேள்வி. நாளைக்கும் அது பிழை செய்யும். நாளைக்கும் வேறொருவர் வந்து சுட்டிக்காட்டும்வரை அதனைப் பிழையென்று அறியாதிருக்கும். தன் பிழையைத் தானே காணும் ஆற்றல் அக்குழந்தைக்கு எப்பொழுது வரும்? எவ்வாறு வரும்? இளஞ்சிறார்க்குச் சிந்திக்கக் கற்பித்தல் என்னும் முயற்சியின் வரலாற்றிற் பெரும்பகுதி இந்த ஒரு வினாவுக்குள்ளே அடங்கிக் கிடக்கின்றது.

அவ்வரலாற்றின் இரு முக்கியமான கட்டங்கள் சென்னை மாநகரோடு தொடர்புடையவை என்பது பலர் அறியாத செய்தி. ஒன்று 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழும்பூரிலே நிகழ்ந்தது. மற்றொன்று 20ஆம் நூற்றாண்டில் அடையாற்றிலே நிகழ்ந்தது. முன்னையது சென்னையிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்ற ஒரு கல்விமுறை; பின்னையது ஐரோப்பாவிலிருந்து சென்னைக்கு வந்த ஒரு கல்விமுறை. இரண்டின் அலைகளும் இலங்கையின் கரையைத் தொட்டிருக்கின்றன. அவற்றை அறியுமுன், தமிழ் மரபு வினாவைப்பற்றி என்ன எண்ணியது என்பதை ஒருவாறு நோக்குதல் பயனுடைத்து.

13ஆம் நூற்றாண்டிலே பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், இலக்கண நூலாயினும், வினாவை ஆறு வகையாகப் பிரித்துக் காட்டுகின்றது. அவற்றுள் கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா என்னும் மூன்றும் கடைத்தெருவிலும் இல்லத்திலும் வழங்குவன. எஞ்சிய மூன்றுமே கல்விக்கு உரியன. விடையை அறிந்தவர் அறியாதவரை நோக்கிக் கேட்பது அறிவினா. விடையை அறியாதவர் அறியும் பொருட்டுக் கேட்பது அறியா வினா. இதுவோ அதுவோ என்று இரண்டிடையே தடுமாறும் மனம் எழுப்புவது ஐய வினா. அறிவினா ஆசிரியருக்கு உரியது. அறியா வினாவும் ஐய வினாவும் மாணாக்கனுக்கு உரியன. ஒரு வகுப்பறையின் வாயிலில் அரைமணி நேரம் நின்று, உள்ளே ஒலிக்கும் வினாக்கள் எவ்வகையின என்று எண்ணிப் பார்த்தால், அங்கே நடைபெறுவது எத்தகைய கல்வி என்பது எளிதிற் புலனாகும். ஒலிப்பன யாவும் அறிவினாவாயிருப்பின், அங்கே நினைவு சோதிக்கப்படுகின்றது. சிந்தனை இன்னும் தொடங்கவில்லை.

அதே நூலின் பாயிரப் பகுதி மற்றோர் அரிய கருத்தையும் தருகின்றது. ஆசிரியர் உரைப்பதை எவ்வளவு நன்றாகக் கேட்டுக்கொண்டாலும் மாணாக்கன் பெறுவது காற்பங்கு கல்வியே. உடன் பயில்வாரோடு அளவளாவுவதால் மற்றொரு காற்பங்கு வரும். எஞ்சிய அரைப்பங்கோ, தான் கற்றதைப் பிறருக்குத் தெளிவாக எடுத்துரைக்கும்போதுதான் நிரம்பும். கல்வியின் முக்காற்பங்கு ஆசிரியரின் வாய்க்கு வெளியே இருக்கின்றது என்று ஓர் இலக்கண ஆசிரியர் எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னரே வகுத்துரைத்தார்.

ஏட்டில் எழுதிய இலட்சியம் நாட்டிலே முழுவதும் நடைமுறையில் இருந்தது என்று கூறிவிட முடியாது. திண்ணைப் பள்ளிக்கூடங்களிலே மனனமே தலைமை பெற்றிருந்தது. அரிச்சுவடியும் எண்சுவடியும் ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் குரலெடுத்துப் பலமுறை சொல்லிச் சொல்லி நெஞ்சிற் பதிக்கப்பட்டன. இதனை எள்ளி நகையாடுவது எளிது, ஆனால் நியாயமன்று. ஓலைச் சுவடிகள் அருமையாகக் கிடைத்த காலம் அது. ஒரு நூலைப் படியெடுப்பதற்குப் பல நாள் உழைப்பு வேண்டும். ஆகவே ஒவ்வொருவருடைய நெஞ்சமும் ஒரு சிறு நூல்நிலையமாக இருக்க வேண்டியிருந்தது. மனனம் அக்காலத்தின் தேவையிலிருந்து பிறந்தது.

ஆயினும் திண்ணைப் பள்ளியிலே இரண்டு நல்ல கூறுகள் இருந்தன. ஒன்று மணல். குழந்தை தரையிலே பரப்பிய மணலில் விரலால் எழுதிப் பழகியது. ஓலையில் எழுத்தாணி கீறிய பிழை நிலைத்துவிடும். மணலில் எழுதிய பிழையோ ஒரு கை தடவினால் மறைந்துவிடும். எழுதலாம், பார்க்கலாம், அழிக்கலாம், மீண்டும் எழுதலாம். பிழை செய்வதற்கு அங்கே விலை இல்லை. மற்றொன்று, பல வயதுப் பிள்ளைகளும் ஒரே இடத்தில் இருந்து, மூத்தவர் இளையவருக்குக் கற்பிக்கும் வழக்கம். சட்டாம்பிள்ளை என்று பெயர்பெற்ற மூத்த மாணாக்கன் இளையவரை நடத்தினான். சட்டாம்பிள்ளையின் கையில் பிரம்பும் இருந்தது என்பதை மறைக்க வேண்டுவதில்லை. எனினும் கற்றதை எடுத்துரைத்தலாகிய அரைப்பங்கு கல்வி அவனுக்கு அங்கே கிடைத்தது.

இவ்விரு கூறுகளையுமே அந்நியர் ஒருவர் கண்டார். ஸ்கொத்லாந்திலே 1753ஆம் ஆண்டு பிறந்த அன்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் 1787ஆம் ஆண்டு சென்னையை அடைந்து, 1789ஆம் ஆண்டு முதல் எழும்பூரிலே படைவீரரின் அநாதைப் பிள்ளைகளுக்கென அமைந்த ஆண்கள் காப்பகத்தின் மேற்பார்வையாளராகப் பணிபுரிந்தார். ஒருநாட் காலை குதிரைமேற் சென்றவர், வழியில் ஒரு நாட்டுப் பள்ளிக்கூடத்தைக் கண்டார். சிறுவர்கள் நிலத்திலமர்ந்து மணலிலே விரலால் எழுதிக்கொண்டிருந்தனர். தம் காப்பகத்திலும் இதனைச் செய்யலாம் என்னும் எண்ணம் அவருக்கு உண்டாயிற்று. உதவியாசிரியர் அதற்கு இணங்கவில்லை. ஆகவே பெல், எட்டு வயதுச் சிறுவன் ஒருவனை அழைத்து, கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்கு மணலில் எழுத்துக் கற்பிக்கும் பொறுப்பை அவனிடம் ஒப்புவித்தார். பெரியவர் செய்ய மறுத்ததைச் சிறுவன் செய்து காட்டினான். அவனைத் தொடர்ந்து பல சிறுவர்கள் கற்பிப்போராயினர்.

1796ஆம் ஆண்டு பெல் தாயகம் திரும்பினார். மறு ஆண்டிலே இலண்டனில் தம் சோதனையைப்பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அம்முறைக்குச் சென்னை முறை என்றே பெயர் வழங்கலாயிற்று. 1798ஆம் ஆண்டு இலண்டனிலே ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கிய யோசப் லங்காஸ்ரர் என்பவரும் இதனையொத்த முறையைக் கையாண்டார். இங்கிலாந்தில் இயந்திரத் தொழில் பெருகிக்கொண்டிருந்த காலம் அது. நகரங்களிலே ஏழைக் குழந்தைகள் திரள் திரளாக இருந்தனர், ஆசிரியர் இலர், பணமும் இல்லை. ஓர் ஆசிரியர், பல சட்டாம்பிள்ளைகள், நூற்றுக்கணக்கான மாணாக்கர் என்னும் ஏற்பாடு அத்தேவைக்கு மிகவும் பொருந்திற்று. 1811ஆம் ஆண்டு தேசிய சங்கம் பெல்லின் முறையை மேற்கொண்டது. 1832ஆம் ஆண்டு அவர் இறந்தபோது வெஸ்ற்மினிஸ்ரர் மடத்திலே அடக்கஞ் செய்யப்பட்டார். தமிழ்நாட்டுத் திண்ணையொன்றின் மணல் அவருக்கு அத்துணைப் பெருமையைத் தேடிக்கொடுத்தது.

ஆனால் கடல் கடந்தபோது அம்முறை ஒன்றை இழந்தது. திண்ணையிலே சிறு கூட்டத்துள் நிகழ்ந்த கற்பித்தல், அங்கே பெருங் கூடங்களிலே கட்டளைக்கும் மணியோசைக்கும் இயங்கும் இயந்திரமாக மாறிற்று. எல்லாரும் ஒரே நேரத்திற் கையுயர்த்தினர். ஒரே நேரத்தில் எழுதினர். ஒரே நேரத்தில் எழுதியதைக் காட்டினர். கற்பிக்கும் சிறுவன் தனக்கு மேலுள்ளோர் கொடுத்ததைத் தனக்குக் கீழுள்ளோர்க்குக் கடத்தும் குழாயானான். ஐய வினாவுக்கு அங்கே நேரமில்லை. பிழையைக் காணும் உரிமை ஆசிரியரிடமிருந்து சட்டாம்பிள்ளைக்கு இறங்கியது. அதற்கும் கீழே, பிழை செய்த குழந்தைவரை, அது இறங்கவில்லை.

பின்னர்ப் பிழைக்கு விலையும் குறிக்கப்பட்டது. 1862ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்த புதிய விதிகளின்படி, பரிசோதகர் பள்ளிக்கு வந்து ஒவ்வொரு பிள்ளையையும் வாசிப்பிலும் எழுத்திலும் கணக்கிலும் பரீட்சிப்பார். சித்தியடைந்தோரின் தொகைக்கேற்பப் பள்ளிக்குப் பணம் கிடைக்கும். பெறுபேற்றுக்கேற்ற கொடுப்பனவு எனப்பட்ட இம்முறை, 1869ஆம் ஆண்டு பொதுப் போதனைத் திணைக்களம் அமைக்கப்பட்டதன் பின்னர் இலங்கையிலும் உதவி நன்கொடைப் பாடசாலைகளை வந்தடைந்தது. இதன் விளைவு ஆழ்ந்து நோக்கத்தக்கது. குழந்தை செய்யும் ஒவ்வொரு பிழையும் இப்பொழுது பாடசாலைக்கு ஒரு நட்டமாயிற்று. நட்டத்தை எவரும் விரும்பார். பரிசோதகர் கேட்கக்கூடிய கேள்விகளுக்கு உரிய விடைகளை முன்கூட்டியே நெட்டுருப்பண்ணுவிப்பதே பாதுகாப்பான வழியென்று ஆசிரியர் கண்டார். மணலிலே கட்டணமின்றிப் பிழைசெய்த குழந்தை, இப்பொழுது பிழைசெய்ய அஞ்சும் குழந்தையாயிற்று. அஞ்சும் மனம் ஐயுறாது. ஐயுறாத மனம் ஆராயாது.

இலங்கைத் தமிழரிடையே நல்ல முயற்சிகள் இல்லாமற் போகவில்லை. அமெரிக்க மிசனரிமார் 1816ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தை அடைந்தபின் ஊர்தோறும் பாடசாலைகள் எழுந்தன. 1848ஆம் ஆண்டு ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். சிறுவரின் பருவத்துக்கேற்பப் படிப்படியாக உயரும் பாலபாட நூல்களை எளிய உரைநடையிலே எழுதி அச்சிட்டார். குழந்தையின் அறிவு படிப்படியாக வளர்வது, அதற்கேற்ப நூலும் படிப்படியாக வளர வேண்டும் என்னும் உணர்வு அந்நூல்களின் அமைப்பிலே காணப்படுகின்றது. அச்சு வந்தபின் நெஞ்சம் நூல்நிலையமாக இருக்கவேண்டிய தேவை குறைந்தது. ஆயினும் தேவை குறைந்த பின்னும் பழக்கம் குறையவில்லை. புத்தகம் கையிலிருக்க, அதனை மனனம் செய்யும் வழக்கம் தொடர்ந்தது.

இந்நிலையிலே பிழையைக் காணும் உரிமையைக் குழந்தையின் கையிலேயே கொடுக்கலாம் என்று காட்டியவர் ஒரு மருத்துவர். மரியா மொண்டிசோரி 1870ஆம் ஆண்டு ஓகஸ்ற் 31ஆந் தேதி இத்தாலியிலே பிறந்தவர். 1896ஆம் ஆண்டு றோம் பல்கலைக்கழகத்திலே மருத்துவப் பட்டம் பெற்றார். அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளிடையே முதலிற் பணிபுரிந்தார். காட்டிலே தனித்து வளர்ந்த சிறுவனொருவனைப் பயிற்றிய பிரெஞ்சு மருத்துவர் இற்றாட் என்பவரும், அவர்வழி வந்த செகுவின் என்பவரும் எழுதிய நூல்களைக் கற்றார். கண்ணும் கையும் செவியும் வழியாகவே அறிவு உள்ளே செல்கின்றது என்பதை அவர்களிடமிருந்து அறிந்தார். குறையுடைய பிள்ளைகளுக்கு இவ்வளவு பயன்தரும் முறை ஏனைய பிள்ளைகளுக்கு எவ்வளவு பயன்தரும் என்னும் ஐய வினா அவர் உள்ளத்தில் எழுந்தது.

அதற்கு விடைகாணும் வாய்ப்பு 1907ஆம் ஆண்டு சனவரி 6ஆந் தேதி கிடைத்தது. றோம் நகரின் சான் லொறென்சோ பகுதி வறிய தொழிலாளர் வாழும் இடம். அங்கே திருத்தியமைக்கப்பட்ட குடியிருப்பொன்றிலே, பெற்றோர் தொழிலுக்குச் சென்ற பின்னர்ச் சிறு பிள்ளைகள் சுவர்களையும் படிக்கட்டுகளையும் பாழ்செய்து திரிந்தனர். அவர்களை ஓரிடத்திற் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும்படி மொண்டிசோரி அம்மையாரிடம் கேட்டனர் கட்டட உரிமையாளர். அவர்கள் வேண்டியது காவல். அவர் தொடங்கியதோ ஒரு பள்ளி. குழந்தைகளின் வீடு என்று அதற்குப் பெயர் வழங்கிற்று.

அங்கே வைக்கப்பட்ட கருவிகளுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோர்க்கு அவருடைய கருத்து முழுவதும் விளங்கும். நீண்ட மரக்கட்டையொன்றிலே பத்துக் குழிகள். பத்துக் குழிகளுக்கும் பத்து மர உருளைகள். ஒவ்வோர் உருளையும் ஒவ்வோர் அளவினது. குழந்தை எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் கலந்துவிட்டு, மீண்டும் உரிய குழிகளில் இடவேண்டும். பெரிய குழியிலே சிறிய உருளையை இட்டுவிட்டால், அப்போது ஒன்றும் நேராது; எவரும் கண்டிக்கமாட்டார். ஆனால் முடிவிலே ஓர் உருளையும் ஒரு குழியும் எஞ்சிநிற்கும். உருளை குழியிற் புகாது. எங்கோ பிழை நேர்ந்துவிட்டது. எங்கே? குழந்தை நிமிர்ந்து ஆசிரியையைப் பார்ப்பதில்லை. குனிந்து கட்டையைப் பார்க்கின்றது. இட்டவற்றை ஒவ்வொன்றாக நோக்கி, ஆட்டம் காணும் உருளையைக் கண்டுபிடித்து, வெளியே எடுத்து, மாற்றியிடுகின்றது. பிழை அங்கே மரத்தின் மொழியிலே பேசுகின்றது. அதனைக் கேட்பதற்குக் குழந்தைக்குப் பிறருடைய உதவி வேண்டுவதில்லை.

மூன்று வயதளவான ஒரு பெண்குழந்தை இவ்வேலையை நாற்பது தடவைக்கு மேல் இடைவிடாது செய்ததை அம்மையார் எண்ணிக்கொண்டிருந்தார். மற்றப் பிள்ளைகளைப் பாடச் செய்தும், அக்குழந்தை இருந்த நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தும் பார்த்தார். குழந்தையோ கட்டையை மடியிலேந்திக்கொண்டு வேலையைத் தொடர்ந்தது. முடித்தபோது களைப்பின்றி மகிழ்ச்சியோடு எழுந்தது. மற்றொரு நாள் ஆசிரியை நேரந்தாழ்த்தி வந்தார், பெட்டகமும் பூட்டப்படாதிருந்தது. பிள்ளைகள் தாமே திறந்து, தமக்கு வேண்டிய கருவிகளை எடுத்துக்கொண்டு வேலையிலாழ்ந்திருந்தனர். ஆசிரியை அதனைக் குற்றமென்று கருதினார். அம்மையாரோ, பிள்ளைகள் தாமாகத் தெரிவுசெய்யும் ஆற்றலுடையவர் என்பதற்கு அதனைச் சான்றாகக் கொண்டார். அதன்பின் உயர்ந்த பெட்டகத்துக்குப் பதிலாகக் குழந்தையின் கைக்கெட்டும் தாழ்ந்த தட்டுக்கள் அமைக்கப்பட்டன.

இம்முறையைக் குறைகூறியோரும் இருந்தனர். அவர் கூற்றையும் கேட்டல் வேண்டும். அமெரிக்கத் தத்துவஞானி யோன் டூயி, 1910ஆம் ஆண்டு வெளியிட்ட தம் நூலிலே, சிந்தனை என்பது ஒரு தடுமாற்றத்திலிருந்தே தொடங்குகின்றது என்று விளக்கியிருந்தார். வழி இரண்டாகப் பிரியும் இடத்திலே நிற்பவனே சிந்திக்கின்றான். நேர்வழியிற் செல்பவன் நடந்துகொண்டே இருக்கின்றான். அவருடைய கருத்துக்களைத் தழுவிய கில்பற்றிக் என்னும் பேராசிரியர் 1914ஆம் ஆண்டு மொண்டிசோரி முறையை ஆராய்ந்து எழுதினார். அக்கருவிகள் மிகக் குறுகியவை. குழந்தையின் கற்பனைக்கும் கூட்டுவாழ்வுக்கும் போதிய இடந்தருவன அல்ல என்பது அவர் முடிவு. இக்கண்டனத்திலே உண்மையுண்டு. உருளைக்கட்டைக்குச் சரியான விடை ஒன்றே. வாழ்க்கையிலோ சில வினாக்களுக்கு விடை இரண்டு. சிலவற்றுக்கு விடையே இன்னும் காணப்படவில்லை. மரம் பேசும் பிழையைக் கேட்கக் கற்ற குழந்தை, பின்னர் மனிதர் பேசும் பிழையையும் கேட்கக் கற்கவேண்டும். உடன் பயில்வாரோடு அளவளாவும் காற்பங்கு கல்வி இங்கேதான் வேண்டப்படுகின்றது. மூன்று வயதினரையும் ஆறு வயதினரையும் ஒரே கூடத்தில் இருத்தி, மூத்தவர் இளையவருக்கு உதவ இடமளித்ததன் மூலம் மொண்டிசோரி முறையும் அதற்கு ஒரு வழி திறந்தே வைத்திருந்தது. திண்ணையிலே பல வயதினரும் கூடியிருந்த காட்சி இங்கே மீண்டும் நினைவுக்கு வருகின்றது.

குழந்தைகள் தாமே ஆராயப் பழகுவது அரசியலோடு தொடர்பற்ற காரியமென்று எண்ணுவோர், 1930களின் வரலாற்றைப் படித்தல் நன்று. இத்தாலியிலே முசோலினியின் அரசு 1924ஆம் ஆண்டு முதல் மொண்டிசோரிப் பள்ளிகளுக்கு ஆதரவளித்தது. அம்மையாரும் பல ஆண்டுகள் அவ்வாதரவை ஏற்றுக்கொண்டார் என்பது மறைக்கத்தகாத உண்மை. ஆனால் ஒரே குரலில் முழங்கும் படைக்கும், தன் பிழையைத் தானே தேடும் குழந்தைக்கும் இடையே நெடுநாள் நட்பு நிலவமுடியாது. 1930களின் நடுப்பகுதியிலே உறவு முறிந்தது. அம்மையார் இத்தாலியை விட்டு நீங்கினார். ஜேர்மனியிலும் நாற்சிகளின் ஆட்சியிலே மொண்டிசோரிப் பள்ளிகள் மூடப்பட்டன. ஸ்பானியாவிலே 1936ஆம் ஆண்டு உள்நாட்டுப் போர் மூளவே, அங்கிருந்தும் அவர் வெளியேற நேர்ந்தது. ஒல்லாந்து அவருக்குப் புகலிடமாயிற்று.

அங்கிருந்தே 1939ஆம் ஆண்டு நவம்பர் மாதம், பிரமஞான சபையின் தலைவர் யோர்ச் அருண்டேல் அவர்களின் அழைப்பை ஏற்று, மகன் மாரியோவுடன் சென்னை வந்து சேர்ந்தார். அவருக்கு அப்போது அறுபத்தொன்பது வயது. அடையாற்றிலே நடந்த முதற் பயிற்சியில் இந்தியாவின் பல பகுதிகளிலுமிருந்து வந்த ஏறக்குறைய 300 பேர் கலந்துகொண்டனர். அம்மையார் இத்தாலிய மொழியிற் பேச, மாரியோ ஆங்கிலத்திற் பெயர்த்தார். சில மாதங்களில் ஊர் திரும்பலாம் என்று எண்ணியிருந்தார். 1940ஆம் ஆண்டு யூன் மாதம் இத்தாலி போரில் இறங்கிற்று. உடனே பிரித்தானிய அரசு தாயையும் மகனையும் பகைநாட்டவராகக் கருதியது. மாரியோ தடுப்பு முகாமுக்கு அனுப்பப்பட்டார். அம்மையார் அடையாற்றை விட்டு வெளியேறாதபடி கட்டுப்படுத்தப்பட்டார். அவருடைய எழுபதாவது பிறந்தநாளிலே அரசப்பிரதிநிதி அவருக்கு அளித்த பரிசு, மகனின் விடுதலை.

எழும்பூரிலே பெல் மணலைக் கண்டு ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகள் கழிந்திருந்தன. இப்பொழுது அதே நகரின் தென்புறத்திலே, குழந்தையின் கையிலேயே பிழைதிருத்தும் உரிமை உண்டென்று கூறும் ஒருவர் போர்க்காலக் கைதிபோல் அமர்ந்து கற்பித்துக்கொண்டிருந்தார். 1942ஆம் ஆண்டு முதல் கொடைக்கானல் மலையிலே தங்கி, பல வயதுப் பிள்ளைகளுடன் பழகி, மூத்த சிறாரின் கல்வியை ஆராய்ந்தார். செடியும் பூச்சியும் பாறையும் நீரும் ஒன்றோடொன்று கொண்டுள்ள தொடர்பைப் பிள்ளைகள் நேரிற் கண்டனர். உருளைக்கட்டையின் எல்லை அங்கே விரிந்தது. விடை ஒன்றேயான வினாவிலிருந்து, ஒரு விடை பத்து வினாக்களைப் பிறப்பிக்கும் நிலைக்குக் கல்வி நகர்ந்தது. 1944ஆம் ஆண்டு, நடமாட்டக் கட்டுப்பாடு தளர்ந்தபோது, அவர் இலங்கைக்கும் வந்து பயிற்சி வகுப்பு நடத்தினார். குழந்தையின் உள்ளத்தைப்பற்றிய அவருடைய புகழ்பெற்ற நூல் 1949ஆம் ஆண்டு முதன்முதலாக வெளிவந்ததும் சென்னையிலேயே. 1952ஆம் ஆண்டு மே மாதம் 6ஆந் தேதி ஒல்லாந்திலே அவர் காலமானார்.

அவர் இலங்கைக்கு வந்த காலம் இந்நாட்டுக் கல்வியிலே ஒரு திருப்பம் நிகழ்ந்த காலமாகும். கல்வி மந்திரி கன்னங்கரா அவர்களின் தலைமையில் அமைந்த விசேட குழுவின் அறிக்கை 1943ஆம் ஆண்டு வெளிவந்தது. 1945ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி தொடங்கிற்று. ஆரம்ப வகுப்புக்களிலே தாய்மொழியே போதனாமொழியாயிற்று. இலவசக் கல்வியின் பெருமை பலராலும் பேசப்படுகின்றது. தாய்மொழிக் கல்விக்கும் சிந்தனைக்கும் உள்ள தொடர்பு அவ்வளவு பேசப்படுவதில்லை. அறிவினாவுக்கு அந்நிய மொழியிலும் விடைகூறலாம். கற்பித்ததை ஒப்புவித்தால் போதும். அறியா வினாவையும் ஐய வினாவையும் அவ்வாறு எழுப்ப முடியாது. மனத்துள்ளே தடுமாற்றம் எழும்போது அது தாய் பேசிய சொல்லிலேயே எழுகின்றது. ஐந்து வயதுக் குழந்தை ஐயுறும் மொழியிலே பாடசாலை பேசத் தொடங்கியமை, கட்டணத்தை நீக்கியமைக்கு எவ்வகையிலும் குறைந்த மாற்றமன்று.

எனினும் பழைய பழக்கம் புதிய உடையணிந்து திரும்பி வருவதுண்டு. வறிய கிராமத்துப் பிள்ளையும் நல்ல பாடசாலையிற் சேரவேண்டும் என்னும் உயர்ந்த நோக்கத்தோடு வந்த ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சை, பத்து வயதுக் குழந்தைக்கும் பெற்றோருக்கும் பெருஞ்சுமையாகிவிட்டது. பாடசாலை விட்டதும் தனியார் வகுப்பு; அது விட்டதும் மாதிரி வினாத்தாள். ஒரு புள்ளி குறைந்தால் வீட்டிலே துக்கம். பணத்தினாற் பிழைக்கு விலைகுறித்த பழைய பரிசோதகர் மறைந்தார். புள்ளியினால் விலைகுறிக்கும் வழக்கம் அவரிடத்தில் அமர்ந்துகொண்டது. மொண்டிசோரி என்னும் சொல்லும் இலங்கையிலே பாலர் பள்ளி எதற்கும் உரிய பொதுப்பெயராயிற்று. பெயர்ப்பலகையில் அம்மையாரின் பெயர் இருக்க, உள்ளே மூன்று வயதுக் குழந்தைகள் ஒரே குரலில் எழுத்துக்களை ஒப்புவிக்கும் இடங்களும் உண்டு.

இதற்கு மாற்று விலையுயர்ந்த கருவிகளில் இல்லை. ஒரு வாளி நீரும் ஒரு சிரட்டையும் ஓர் இரும்பாணியும் போதும். சிரட்டை மிதக்குமா, ஆணி மிதக்குமா என்று கேட்டால் குழந்தைகள் தத்தம் கருத்தைக் கூறுவர். ஆசிரியர் சரியென்றும் கூறவேண்டாம், பிழையென்றும் கூறவேண்டாம். இட்டுப் பார்க்கட்டும். சிரட்டை மிதக்கின்றது, ஆணி தாழ்கின்றது. இரும்பு தாழும் என்று குழந்தை முடிவுசெய்கின்றது. பின்பு ஆணியைச் சிரட்டைக்குள் வைத்து நீரில் விடச் சொல்லலாம். ஆணி மிதக்கின்றது. இப்பொழுதுதான் முடிவு ஆட்டங்காண்கின்றது. இரும்பு தாழும் என்றால் இது ஏன் தாழவில்லை? காங்கேசன்துறையிலே நிற்கும் இரும்புக் கப்பல் ஏன் தாழவில்லை? வினாவை எழுப்பியவர் ஆசிரியரல்லர், நீர். ஐய வினா பிறந்துவிட்டது. அக்கணத்தில் விடையை எடுத்துக் கொடுத்துவிடும் ஆசிரியர், அரும்பிய தளிரை அன்போடு கிள்ளிவிடுகின்றார். ஒருவர்க்கொருவர் வாதிடும்படி விட்டு, கண்டதைத் தம்பி தங்கையருக்குச் சொல்லிக்காட்டும்படி கூறுபவரோ, நன்னூல் வகுத்த முக்காற்பங்கையும் அவர்களுக்கு வழங்குகின்றார்.

இதற்குப் பொறுமை வேண்டும், நேரமும் வேண்டும். நாற்பது பிள்ளைகள் நிறைந்த வகுப்பிலே, பரீட்சை நெருங்கும் வேளையிலே, அது எளிதன்று. ஆயினும் பிழையைப் பிறர் காட்டும்வரை காத்திருக்கப் பழகிய குழந்தை, வளர்ந்து குடிமகனான பின்னும் அவ்வாறே காத்திருக்கும். பத்திரிகை கூறுவதும் மேடை கூறுவதும் கூட்டம் கூறுவதும் அதற்குச் சரியாகவே தோன்றும். மாறாக, எஞ்சிநின்ற உருளையைக் கண்டு, எங்கே பிழைத்தோம் என்று தானே தேடிய குழந்தைக்குப் பிறர் சொல்லையும் தன் சொல்லையும் ஒருங்கே நிறுத்துப் பார்க்கும் துணிவு வரும். ஒரு நாடு தன் பிழைகளைத் தானே காணும் நாடாகுமா என்பது அத்தகைய குழந்தைகளின் தொகையைப் பொறுத்தது.

விசயதசமியன்று ஏடு தொடக்கும் குழந்தையின் விரலைப் பெரியவர் பிடித்து அரிசியிலே முதலெழுத்தை எழுதுவிக்கின்றார். பிடித்தல் அன்றைக்கு வேண்டியதுதான். எழுதி முடிந்தபின் அக்கையை விட்டுவிட்டு, குழந்தை தானே ஒருமுறை கோணலாக எழுதி, பார்த்து, அழித்து, மீண்டும் எழுதும்வரை அருகிலே பேசாமல் இருக்கவும் பெரியவர்கள் கற்றுக்கொள்ள வேண்டும்.